மரநிழலில் ஒரு தோட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளில் மாவும் பலாவும் வேம்பும் ஓங்கி நிற்கின்றன. கோடை வெயிலில் அவற்றின் நிழல் பெரும்பேறு. ஆயினும் அந்நிழலில் வைத்த கன்றுகள் சில வாரங்களில் வாடிவிடுகின்றன. ஒன்றும் முளையாத நிலம் என்று வீட்டார் அதனைக் கூட்டிப் பெருக்கி வெறுந்தரையாக விட்டுவிடுகின்றனர்.

பயிர் வாடுவதற்கு ஒளிக்குறைவு மட்டும் காரணமன்று, நீர்க்குறைவும் பெருங்காரணமாகும். சிறுமழை பெய்யும்போது அடர்ந்த இலைகள் துளிகளைத் தாங்கிக்கொள்கின்றன. அந்நீரிற் பெரும்பகுதி நிலத்தைச் சேராமலே ஆவியாகிவிடுகின்றது. நிலத்தைச் சேரும் சிறிதளவு நீரையும், மேல்மண்ணிற் பரந்துகிடக்கும் மரவேர்கள் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகின்றன.

அப்படியாயின் கிணற்று நீரை நாள்தோறும் இறைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே தங்கும் மழைநீரே கிணற்று நீராகின்றது. அளவிறந்து இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். ஆதலால், நிலத்துக்கேற்ற செடியைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை.

தடித்த இலைகளில் நீரைச் சேமித்துவைக்கும் மருள் இத்தகைய இடத்திற்கு மிகப் பொருத்தமானது. சதைப்பற்றுள்ள தண்டினையுடைய பிரண்டையும் வறட்சியைத் தாங்கும். நிழல் மெலிந்த ஓரங்களில் ஆடாதோடையும் தூதுவளையும் வளரும். இவை வீட்டு மருந்துக்கும் உதவுவன. இடையிடையே நீர் ஊற்ற வசதியுள்ளோர் மஞ்சளும் கரணையும் நடலாம். மிளகாயும் கத்தரியும் வெயிலை விரும்புவன. அவற்றை இங்கு நடுதல் வீண்.

நடுவதற்கு உகந்த காலம் ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வேளையாகும். மண்வெட்டியால் நிலம் முழுவதையும் கொத்துதல் ஆகாது. தடித்த வேர்கள் அறுபட்டால் மரமே நலிவுறும். வேர்களுக்கிடையே சிறு குழிகள் தோண்டி, மக்கிய சாணத்தை மண்ணோடு கலந்து, இளங்கன்றுகளையே நடுதல் வேண்டும். முதற் கோடையில் மட்டும், நாள்தோறும் சிறிது தெளிப்பதை விடுத்து, சில நாட்களுக்கு ஒருமுறை அடிமண் நனைய ஊற்றுதல் நன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது சருகு. அதனைக் கூட்டி எரிப்பது மண்ணின் உணவை எரிப்பதாகும். நான்கு விரற்கடை உயரத்திற்குச் சருகைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். நாளடைவில் அது மக்கி உரமுமாகும். ஆனால் சருகையோ மண்ணையோ அடிமரத்தோடு அணைத்துக் குவித்தலாகாது; பட்டை அழுகிவிடும்.

மரம் உதிர்ப்பதை மரத்தடியிலேயே விட்டுவைக்கும் வீட்டில், வெறுந்தரையும் பசுமை கொள்ளும். கிணற்று நீரும் மிஞ்சும்.