வீக்கம் வரும் குடும்பமும் கருத்தடை மாத்திரையும்



உதடோ, கண்ணிமையோ, கையோ திடீரென வீங்கும். அரிப்பு இராது, தடிப்பும் இராது. சில நாளில் தானே வடியும். குடலில் வீங்கினால் கடும் வயிற்று வலியும் வாந்தியும் வரும். அம்மாவுக்கு இருந்தது மகளுக்கும் வந்தால், பூச்சிக்கடி, கண்ணேறு என்று தள்ளிவிடாதீர்கள். இது பரம்பரை வீக்க நோயாக இருக்கலாம். 1888-இல் டாக்டர் வில்லியம் ஆஸ்லர் ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளில் இதைக் கண்டு எழுதினார். இரத்தத்தில் சி-1 தடுப்பான் என்ற புரதம் குறைவதே காரணம் என்பது 1963-இல்தான் தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

வழக்கமான கருத்தடை மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் உண்டு. அவற்றில் ஈஸ்ட்ரோஜென் இந்த வீக்கத்தைத் தூண்டும். மாத்திரை தொடங்கிய பிறகே முதன்முதலாக வீங்கிய பெண்களும் உண்டு. "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று நம் வீடுகளில் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது!

நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் வேண்டாத கர்ப்பம் வரும். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தரும், புரோஜெஸ்டோஜென் மட்டும் உள்ள மாத்திரை இருக்கிறது. அது பலருக்கு வீக்கத்தையும் குறைக்கிறது. ஹார்மோனே வேண்டாமென்றால், கருப்பையில் வைக்கும் செப்புச் சாதனம். ஆணுறையும் உண்டு, ஆண்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை வாங்கும்போதே தாதியிடம் குடும்ப வீக்கத்தைச் சொல்லிவிடுங்கள். இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியும்.

குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். தொண்டை வீங்கினால் மூச்சு அடைத்துவிடும். ரெம்பியாவிலிருந்து அலோர் காஜா ஆஸ்பத்திரி தூரமில்லை. வழக்கமான ஒவ்வாமை ஊசி இதற்குக் கேட்காது. ஆகவே பரம்பரை வீக்கம் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.