புண் ஆறும் விதம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிடுகிறது. குருதி கசிந்து உறைகிறது. மறுநாள் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. அதைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். ஆயினும் அச்சிவப்பும் வீக்கமும், அளவோடு இருக்கும் வரையில், நம் உடல் தன் பணியைத் தொடங்கிவிட்டதற்கு அடையாளங்களே.

1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த அறிஞர் மெச்னிகாவ், கண்ணாடி போன்ற உடல் படைத்த நட்சத்திர மீன் குஞ்சுகளுள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில், நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்கிக் காக்கும் அணுக்கள் உடலில் உண்டு என அவர் கண்டார். 1908இல் பால் எர்லிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் தோலில் காயம் பட்டால் நிகழ்வதும் இத்தகையதே. சில மணி நேரத்திற்குள் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் விரைந்து வந்து கிருமிகளை விழுங்குகின்றன. பொருதி மடிந்த அவ்வணுக்களே சீழில் பெரும்பகுதி. இரண்டு மூன்று நாட்களில் மேக்ரோபேஜ் என்னும் பேரணுக்கள் மிகுதியாகத் திரள்கின்றன. முதலில் இவை மடிந்தவற்றை உண்டு களத்தைத் துப்புரவு செய்கின்றன. பின்னர்த் தம் இயல்பையே மாற்றிக்கொண்டு, புதிய குருதிக் குழாய்களும் இணைப்புத் திசுவும் தோன்றுவதற்கு ஆணையிடுகின்றன. போர் புரிந்த வீரனே கொற்றனாகிச் சுவர் எழுப்புவது போன்றது இது. லீபோவிச், ராஸ் என்னும் அறிஞர் இருவர் 1975இல் கினிப் பன்றிகளில் இவ்வணுக்களைக் குறைத்துப் பார்த்தபோது, காயம் ஆறுவது தாமதமாயிற்று.

நீரிழிவு உடையோரிடம் இம்மாற்றம் தடைப்படுகிறது. பேரணுக்கள் போர்க்கோலத்தைக் களையாமலே நிற்கின்றன; புண் ஆறாது நீடிக்கிறது. நரம்பும் மரத்துப்போனால் வலியும் தெரிவதில்லை. சிறு கொப்புளத்தில் தொடங்கிக் காலையே இழக்கும் துயரம் இவ்வாறுதான் நேர்கிறது.

ஆதலின் நீரிழிவு உடைய அன்பர்கள் இரவுதோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். வெறுங்காலுடன் நடத்தல் வேண்டா. புண்ணின் மேல் காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்புதல் வேண்டா. தூய நீரால் கழுவித் துணியால் மூடுக. காலில் புண் கண்டால், வலி இல்லையே என்று வாளாவிராமல், அன்றே மருத்துவரை நாடுக.

நமக்காக அல்லும் பகலும் உழைக்கும் அச்சிற்றணுக்களுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.