மைலேஜ் கணக்கில் விட்டுப்போனவை

2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாய். டீசலோ 41 ரூபாய்க்கும் கீழே. எரிபொருளும் மலிவு, மைலேஜும் அதிகம் என்று நாடு முழுக்க டீசல் கார்மேல் ஒரு மோகம். பெட்ரோல் மாடலைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் கூடுதல் விலை என்றாலும் பலர் யோசிக்கவில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர்கள்கூட டீசல்தான் கேட்டார்கள்.

அந்த ஒரு லட்சம் எப்போது திரும்பி வரும்? பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் வண்டி 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அன்றைய விலையில் கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2 ரூபாய் 80 காசு. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் ஓடினால் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். தினமும் 200 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காருக்கு அது ஆறே மாதம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காருக்கு ஆறு வருடம்!

அந்த ஆறு வருடம் விலை அப்படியே நின்றதா? டீசல் மலிவாக இருந்ததற்குக் காரணம் அரசின் விலைக் கட்டுப்பாடு. 2013 ஜனவரியிலிருந்து அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார்கள். 2014 அக்டோபரில் முழுதாக எடுத்தே விட்டார்கள். 2020 ஜூனில் டெல்லி பங்க்குகளில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டியது. போதாக்குறைக்குத் தலைநகரில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இலேயே தடை வேறு வந்திருந்தது. விற்கப் போனாலும் நல்ல விலை எங்கே கிடைக்கும்?

பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பவர் கதையும் ஏறத்தாழ இதுதான். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டிக்குப் பதில் 20 கொடுக்கும் வண்டி. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மாத மிச்சம் 3,300 ரூபாய். மாற்றுவதற்காக வாங்கிய ஆறு லட்சம் கடனுக்கு, 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் 12,000 ரூபாய்க்கு மேல். புது வண்டி என்பதால் இன்சூரன்ஸும் ஏறும். பழைய கார் எப்படியும் மாற்றியே தீர வேண்டிய நிலையில் இருந்தால் கணக்கு வேறு. அப்போது வாங்க நினைக்கும் இரண்டு புது வண்டிகளின் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும்.

மைலேஜ் எண்கூட ஆளை ஏமாற்றும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்ற இருவர் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் இதை எடுத்துக்காட்டினார்கள். 10-லிருந்து 15-க்கு மாறினால் 12,000 கிலோமீட்டரில் 400 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 30-க்குத் தாவினால் 200 லிட்டர்தான். தாவல் பெரிதாகத் தெரியும் இடத்தில் லாபம் பாதி. ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவிலும் 2013 மாடல்களிலிருந்து புதுக் கார் ஸ்டிக்கரில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் இருக்கிறது. இங்கே அந்த வகுத்தலை வாங்குபவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.