போர் அருங்காட்சியகங்களின் காவல்



போரின் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றுக்குள் நுழைகின்ற மாணவன் முதலில் பீரங்கியின் முன்னே போய் நிற்கிறான். பிறகு வாளின் முன்னே நிற்கிறான். பேழைக்குள் ஒரு பழைய பதக்கம் கிடக்கிறது. அது யாருடைய மார்பில் இருந்தது? எந்தக் களத்தில் பெற்றது? அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் மனைவியா, மகளா? இவற்றுக்கு விடை பதக்கத்தில் இல்லை. முற்காலத்தில் அந்த விடை தடித்த அட்டை போட்ட ஒரு பதிவேட்டில் இருந்தது. இப்பொழுது பெரும்பாலும் கணினியில் இருக்கிறது. அந்தப் பதிவு அழிந்துபோனால் பதக்கம் வெறும் உலோக வட்டமாகிவிடும். பதிவை யாரேனும் திருத்தி வைத்துவிட்டால் அது பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

ஆகவே, இத்தகைய அருங்காட்சியகங்களுக்கு இன்று இருவகைக் காவல் வேண்டியிருக்கிறது. பேழைக்குப் பூட்டும் வாயிலுக்குக் காவலனும் ஒரு வகை. அதனை நாம் கண்ணால் காண்கிறோம். கணினிக்கும் இணையத்துக்கும் இடும் காவல் மற்றொரு வகை; அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கண்காணாக் காவலில் எந்த அருங்காட்சியகம் மேம்பட்டது, எது பின்தங்கியது என்று ஒப்பிட முடியுமா? முடியுமானால் எந்த அளவுகோலைக் கொண்டு? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உலகில் உள்ளன. அவை பள்ளிக்கூடத்தில் நமக்கு மதிப்பெண் போடுவதுபோல நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடுகின்றன. ஆனால் அவை உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, அங்கே இயங்கும் மென்பொருள் பழையதா, அந்த நிறுவனத்தின் பெயரில் பிறர் போலி மின்னஞ்சல் அனுப்ப முடியாதபடி தடை விதித்திருக்கிறார்களா, பணியாளர்களின் கடவுச்சொற்கள் வேறு எங்கேனும் கசிந்து கிடக்கின்றனவா என்று வெளியிலிருந்து தெரிகின்றவற்றை மட்டும் தட்டிப் பார்த்துத் தரம் குறிக்கின்றன. அகழிக்கு அப்பால் நின்றுகொண்டு கோட்டைக்கு மதிப்பெண் இடுவது போன்றது இது. பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். கதவு திறந்து கிடந்தால் அது வெளியிலிருந்தே தெரியும் அல்லவா? ஆயினும் களஞ்சியத்தில் நெல் இருக்கிறதா, கிணற்றில் நீர் இருக்கிறதா என்பது அகழிக்கு அப்பாலிருந்து தெரியாது.

போர் அருங்காட்சியகங்களோ ஒரே குலத்தவை அல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள படை வரலாற்று அருங்காட்சியகம் அந்நாட்டு இராணுவத்தின் உடைமை. பாரிஸ் மாநகரின் இன்வாலிட் மாளிகையில் 1905-இல் அமைக்கப்பெற்ற இராணுவ அருங்காட்சியகம் பிரெஞ்சுப் படைத்துறை அமைச்சகத்தைச் சார்ந்தது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917-இல், தோற்றுவிக்கப்பெற்ற லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அரசின் மானியமும் பெறுகிறது. தானே பொருளும் ஈட்டுகிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம் தனியார் அறநிறுவனம். இவை தவிர, பிரிட்டனில் படைப்பிரிவுகளுக்கென்றே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு காட்சிச்சாலைகள் இருக்கின்றன. அவற்றுள் பல, ஓய்வுபெற்ற வீரர்கள் ஊதியமின்றிச் செய்யும் தொண்டினால் நடக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போட்டால் வேடிக்கையான முடிவுகள் வரக்கூடும். நான்கே பக்கங்கள் கொண்ட இணையத்தளம் வைத்திருக்கும் சிறு காட்சிச்சாலைக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கலாம். தட்டிப் பார்க்க அங்கே கதவே இல்லையே! நுழைவுச்சீட்டு விற்பனை, கடை, நன்கொடை, புகைப்படக் களஞ்சியம், ஒலிப்பதிவுகள், ஆராய்ச்சியாளர் அறை என்று பல வாயில்கள் வைத்திருக்கும் பெரிய அருங்காட்சியகத்தில் ஏதேனும் ஒரு வாயிலின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும். உடனே மதிப்பெண் குறைந்துவிடும். ஆனால் அந்தச் சிறு காட்சிச்சாலையின் பதிவுகள் முழுவதும் அலுவலக மேசை மீதுள்ள ஒரே கணினியில் இருந்தால், அது ஒருநாள் பழுதானவுடன் ஒரு படைப்பிரிவின் நினைவே போய்விடும். மதிப்பெண் அட்டையில் இது எங்கும் வராது.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான இடம் இங்கிலாந்திலுள்ள பிளெட்ச்லி பார்க். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் மறைமொழியை உடைத்துப் படித்த இடம் அது. 1993 முதல் பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஜெர்மானியரின் எனிக்மா பொறி மிக நுட்பமானது. ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக மூன்று எழுத்துக்களைத் தொடர்பின்றித் தேர்ந்து திறவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது அதை இயக்கியவர்களுக்கு இட்ட கட்டளை. களைத்த மனிதன் என்ன செய்வான்? காதலியின் பெயரெழுத்தைப் போடுவான். விசைப்பலகையில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று எழுத்துக்களைத் தட்டுவான். பிளெட்ச்லியில் இருந்தவர்கள் இந்தச் சோம்பலைக் கண்டுகொண்டார்கள். பொறி தோற்பதற்கு முன்பே அதை இயக்கிய மனிதன் தோற்றுவிட்டான்.

இதைவிடப் பெரிய கதை ஒன்றும் உண்டு. 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், லோரன்ஸ் என்னும் இன்னொரு மறைமொழிப் பொறியின் மூலம் ஏறத்தாழ 4,000 எழுத்துக்கள் கொண்ட நீண்ட செய்தி ஒன்று ஏதென்ஸிலிருந்து வியன்னாவுக்கு அனுப்பப்பட்டது. அது சரியாகப் போய்ச் சேரவில்லை. மீண்டும் அனுப்பும்படி கேட்டார்கள். அனுப்பியவர் பொறியின் சக்கரங்களைப் புதிதாக மாற்றி வைக்கவில்லை. பழைய அமைப்பிலேயே மறுபடி அனுப்பினார். அதோடு, இரண்டாம் முறை சில சொற்களைச் சுருக்கியும் எழுதினார். இந்த ஒரே பிழையைப் பிடித்துக்கொண்டு ஜான் டில்ட்மன் இரு செய்திகளையும் பிரித்தெடுத்தார்; பில் டட் என்னும் இளைஞர் அதிலிருந்து அந்தப் பொறியின் உள்ளமைப்பு முழுவதையும் கணக்கினாலேயே கண்டுபிடித்தார். பொறியை அவர்கள் கண்ணால் பார்த்தது போரின் முடிவில்தான்!

இப்பாடத்தைப் பேழைக்குள் வைத்துக் காட்டும் உலகில், பேழைக்கு வெளியே நடப்பதைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அரச அணிகலன்கள் களவு போயின. அது போர் அருங்காட்சியகம் அன்று. எனினும் செய்தி நமக்கு வேண்டியது. 2014-இல் அங்கே நடந்த அரசு ஆய்வில், கண்காணிப்புக் கேமராக்களின் கணினிக்கு இட்டிருந்த கடவுச்சொல் ‘லூவர்’ என்பதாகவே இருந்தது என்று லிபெராசியோன் நாளிதழ் வெளியிட்டது. அந்தச் சொல்லால்தான் களவு நடந்தது என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. கள்வர் ஏணி பூட்டிய வண்டியில் வந்து சன்னலை அறுத்து நுழைந்தவர்கள். ஆயினும் வீட்டின் பெயரையே வீட்டுக்குத் திறவுகோலாக வைப்பது, காதலியின் பெயரெழுத்தை எனிக்மாவில் வைத்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

சரி, பூட்டு உடைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு என்ன? என் கருத்தில் உண்மையான ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அனுபவம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இறுதியில், பிணைப்பணம் கேட்கும் கூட்டம் ஒன்று அதன் கணினிகளுக்குள் புகுந்தது. வெளியிலிருந்து பணிபுரிவோருக்காகத் திறந்து வைத்திருந்த ஒரு வழியில், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சான்று கேட்கும் ஏற்பாடு இல்லை. சுமார் 600 கிகாபைட் அளவு கோப்புக்கள் களவு போயின. கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. கள்வர் கோப்புக்களை வெளியிட்டார்கள். போகும்போது கணினிகளையும் பாழாக்கிச் சென்றார்கள். நூற்பட்டியலை மக்கள் மீண்டும் தேடிப் பார்க்க முடிந்தது 2024 ஜனவரி 15-இல்தான். அதுவும் குறைந்த வசதிகளோடு.

2024 மார்ச்சு மாதத்தில் அந்த நூலகம் நடந்ததை மறைக்காமல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. இத்தகைய நேர்மை அரிது; கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்கத்தக்க அறிக்கை அது. அதில் என் மனத்தில் தைத்த செய்தி ஒன்று. எண்வடிவச் சேகரங்களின் காப்புப்படிகள் அவர்களிடம் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப ஏற்றி இயக்குவதற்குத் தகுந்த கணினி அமைப்பு இல்லை. பழைய மென்பொருள்கள் பல மறுபடி உயிர்பெறவே மறுத்தன. விதைநெல் இருக்கிறது, உழுவதற்கு நிலம் இல்லை என்ற நிலை! வெளியிலிருந்து மதிப்பெண் இடுவோர் எவருக்கும் இது முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை.

ஆதலால் போர் அருங்காட்சியகங்களை ஒப்பிடப் புகுவோர் ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி எளியது: ‘உங்கள் பதிவேடு முழுவதும் இன்றிரவு அழிந்தால், எத்தனை நாளில் அதைத் திரும்ப எழுப்புவீர்கள்? எப்போதேனும் எழுப்பிப் பார்த்ததுண்டா?’ கணினியோடு தொடர்பே இல்லாத இடத்தில் ஒரு படி வேண்டும். அந்தப் படியிலிருந்து மீட்கும் ஒத்திகையை, தீயணைப்பு ஒத்திகைபோல, ஆண்டுதோறும் செய்ய வேண்டும். நுழைவுச்சீட்டு விற்கும் கணினியிலிருந்து பதிவேட்டை எட்டும் வழி இருக்கலாகாது.

திருத்தப்படுவது அழிவதினும் கொடிது. போரில் இறந்தோரின் எண்ணிக்கை, கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை, ஓர் ஊர் எரிந்த நாள் – இவற்றை மாற்றி எழுத விரும்புவோர் எக்காலத்திலும் உண்டு. பழைய பதிவேட்டில் மையால் எழுதி, பக்கத்துக்கு எண் இட்டிருந்தார்கள். கிழித்தால் தெரியும், சுரண்டினால் தெரியும். கணினியில் எழுத்தைச் சுரண்டினால் தழும்பு விழுவதில்லை. இதற்கும் அறிஞர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு அதற்குரிய ஒரு நீண்ட எண்ணைப் பெறலாம். கோப்பின் கைரேகை என்று அதைச் சொல்லலாம். ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். அந்த எண்களின் பட்டியலை வேறோர் இடத்தில் பூட்டி வைத்து, அவ்வப்போது ஒத்துப் பார்த்தால் களவுத் திருத்தம் வெளிப்பட்டுவிடும். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஓய்வுபெற்ற வீரர்கள் நடத்தும் சிறு காட்சிச்சாலையும் செய்யக்கூடியதே.

‘ஒரு பட்டியல் போனால் என்ன, பொருள்கள்தாம் இருக்கின்றனவே’ என்று சிலர் கேட்கக்கூடும். கணினிக் களவு என்ற பேச்சே இல்லாத காலத்தில், போர்வீரர்களின் பதிவுகள் இருமுறை பெருமளவில் அழிந்ததுண்டு. 1940 செப்டம்பரில் லண்டனில் ஜெர்மானியர் இட்ட குண்டினால் போர் அலுவலகத்தின் ஆவணக் கிடங்கு தீப்பற்றியது. முதல் உலகப்போரில் பணிபுரிந்த வீரர்களின் ஏடுகளில் பாதிக்கு மேல் அதில் போயின. பாட்டன் எந்தக் களத்தில் நின்றான் என்று தேடும் பேரர்கள் இன்றும் விடையின்றித் திரும்புகிறார்கள்.

மற்றது அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நிகழ்ந்தது. 1973 ஜூலையில், அங்கே படைவீரர் ஏடுகளைக் காத்து வந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது போய்விட்டன. படி ஒன்று எடுத்து வைக்கவில்லை, நுண்படமும் எடுக்கவில்லை. நான் வீரனாக இருந்தேன் என்று ஒரு முதியவர் சொன்னால், அதற்குச் சான்று இல்லை. மருத்துவ உதவியும் உதவித்தொகையும் அந்தச் சான்றைப் பொறுத்தவை.

அங்கிருந்தவர்கள் சோர்ந்துவிடவில்லை. நனைந்து கருகிய ஏடுகளில் சுமார் 65 இலட்சத்தை மீட்டார்கள். விண்வெளிப் பயணச் சோதனைகளுக்குப் பயன்பட்ட வெற்றிடக் கூடம் ஒன்றை இரவல் பெற்று, ஈர ஏடுகளை அதற்குள் அடுக்கி உலர்த்தினார்கள். முற்றும் எரிந்துபோனவர்களின் வரலாற்றை வேறு அலுவலகங்களில் தங்கியிருந்த சம்பளச் சீட்டுக்களிலிருந்தும், உதவித்தொகை விண்ணப்பங்களிலிருந்தும் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். அந்த வேலை அந்தத் தலைமுறையோடு முடியவில்லை. 2011-இல் ஏடுகள் புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்த பின்னரும், விண்ணப்பம் வரும்போதெல்லாம் ஒரு பணியாளர் கருகிய தாளை மெல்லப் பிரித்து, அதில் எஞ்சியிருக்கும் பெயரைப் படிக்க முயல்கிறார்.