உபின் தீவும் ஒரு கணக்குப் புத்தகமும்

(சங்கப் பொன்விழாக் கூட்டத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் இளைஞர் பிரிவினர் புலாவ் உபின் தீவுக்குப் போய் வந்தோம். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். பத்தே நிமிடப் பயணம். கரையேறியதும் வாடகை சைக்கிள் கடைகள், பலகை வீடுகள், கிணறுகள், வீட்டு வாசலில் மேயும் கோழிகள். குழாய்த் தண்ணீர் இல்லாமலே அந்தக் கிராமம் வாழ்ந்து வந்திருக்கிறது. எந்நேரமும் கைப்பேசியும் வியாபாரமுமாக ஓடும் எங்களுக்கு, அன்று சைக்கிளை விட்டு இறங்கவே மனம் வரவில்லை.

அமைதியான இந்தத் தீவு ஒரு காலத்தில் வெடிச்சத்தம் கேட்ட இடம். உபின் கருங்கல்லுக்குப் பேர் போனது. 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்குக் கல் இங்கிருந்துதான் போனது. ஜொகூர்ப் பாலத்திற்கும் போனது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் இங்கே கல் வெட்டியிருக்கிறார்கள். சீனரும் மலாய்க்காரரும் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். 1985இல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1999இல் கடைசிக் கல்குவாரியும் நின்றது. இன்று அங்கே குடியிருப்போர் மிகச் சிலரே.

எங்கள் கடை முன்பு சாங்கியில் இருந்தது. உபின்வாசிகளுக்கு அத்தா அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்குக் கொடுப்பார்கள். கணக்கில் பெயரோடு அடையாளமும் இருக்கும்: ‘இறால் குட்டை பாக்சிக்’, ‘கல்குவாரி சமையல்காரர்’ என்று. வீவக வீடு கிடைத்துத் தீவை விட்டுப் போனவர்கள், போகும் வழியில் கடைக்கு வந்து பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போவார்களாம். அத்தா இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

நாங்கள் போன அன்று, படகுத்துறைப் பக்கம் பானக்கடையில் ஒரு மலாய்ப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். கடையின் அடையாளத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “உன் அப்பாவின் கணக்குப் புத்தகத்தில் என் அப்பா பெயர் இருக்குமே, இன்னும் வைத்திருக்கிறீர்களா?” என்று மலாயில் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடை மாறியபோது அந்தப் புத்தகங்களை எல்லாம் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் நாங்கள்தாம்.

அதே தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா கடற்கரை இருக்கிறது. அதை மண் கொட்டி மேடாக்க இருந்த நேரத்தில், தொண்டர்களும் ஆய்வாளர்களும் அங்கு வாழும் உயிரினங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். பொதுமக்களும் குரல் கொடுத்தார்கள். 2001 இறுதியில் அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இன்றும் நீர் வற்றும் நேரத்தில் போனால் நட்சத்திர மீனைப் பார்க்கலாம்.

நம் சங்கத்திற்கு ஐம்பது வயதாகிவிட்டது. தொடங்கிய பெரியவர்களில் சிலரே நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ரசீது, சந்தாப் புத்தகம், கல்யாணப் படம், கப்பல் டிக்கெட் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதி எங்களிடம் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். பெரியவர்கள் நேரம் கொடுத்தால் வீடு தேடி வந்து பேச்சைப் பதிவு செய்யவும் தயாராக இருக்கிறோம்.

உபின் பெரியவரிடம் நாங்கள் தலைகுனிந்து நின்றதுபோல், நாளை நம் பிள்ளைகள் யார் முன்பும் நிற்க வேண்டாம். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமையே இந்த வேலையைத் தொடங்குகிறோம்.