டென்மார்க்கின் ஸ்டௌனிங்

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி என்றால் சரித்திரம் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான்: அன்றுதான் பெர்லினில் ஹிட்லர் ஜெர்மனியின் சான்ஸலராகப் பதவி ஏற்றார். அதே நாளில், அங்கிருந்து இருநூறு மைலுக்குச் சற்று அப்பால், கோபன்ஹேகன் நகரில் ஒரு சாதாரணக் குடியிருப்பில், இரவெல்லாம் கண் விழித்துப் பேசிக் களைத்த சில அரசியல்வாதிகள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அந்த வீடு இருந்த தெருவின் பெயர் கான்ஸ்லர்காடே. தமிழில் சொன்னால், சான்ஸலர் தெரு! சரித்திரம் சில வேளைகளில் இப்படி வேடிக்கை செய்கிறது. வீட்டுக்காரர் டென்மார்க்கின் பிரதம மந்திரி, சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர், தோர்வால்ட் ஸ்டௌனிங்.

ஸ்டௌனிங் 1873-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி கோபன்ஹேகனில் ஓர் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே புகையிலைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். சுருட்டுகளை இலையின் நிறம் பார்த்துத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது அவருடைய வேலை. மேலும் கீழுமான பழுப்பு நிறங்களுக்குள் நூலிழை வேற்றுமையைக் கண்டு பிரிக்கும் கண் அதற்கு வேண்டும். பிற்காலத்தில் மனிதர்களையும் கட்சிகளையும் எடை போட்டபோது அந்தக் கண் அவருக்கு உதவியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

1896-ல் அவர் தம் தொழிலைச் சேர்ந்தவர்களின் சங்கத்துக்குத் தலைவரானார். 1898-ல் கட்சியின் காரியதரிசியானார். அதே ஆண்டில் ஒரு தொழிற்சங்கப் பத்திரிகைக்கும் ஆசிரியரானார். அந்தப் பத்திரிகையின் பெயர் ‘ஒத்துழைப்பு’ என்று பொருள்படும் ‘சாமார்பைடெட்’. இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதே சொல் முற்றிலும் வேறான பொருளில் அவரைத் தேடி வந்தது.

1899-ல் முதலாளிகள் நாடு தழுவிய பெரும் கதவடைப்பு ஒன்றை நடத்தினார்கள். ஏறத்தாழ நூறு நாள் நீடித்த அந்தப் போராட்டத்தில் இரு தரப்பும் களைத்துப் போயின. செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொழிற்சாலையை நிர்வகிக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு என்பதைத் தொழிலாளர் ஏற்றனர். சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்பதை முதலாளிகள் ஏற்றனர். எதிராளியை ஒழித்துவிட இயலாது, அவனோடு பேசித்தான் ஆகவேண்டும் என்ற எண்ணம் டேனிஷ் தொழிலாளர் இயக்கத்தின் இரத்தத்தில் ஊறியது அப்போதுதான். ஸ்டௌனிங் அந்தப் பள்ளியில் பயின்றவர்.

1906-ல் பார்லிமெண்டின் கீழ்ச் சபை உறுப்பினர். 1910-ல் கட்சித் தலைவர். முதல் உலக யுத்தத்தின் நடுவில், 1916-ல், சாலே என்பவரின் மந்திரி சபையில் சேர்ந்து, டென்மார்க்கின் முதல் சமூக ஜனநாயக மந்திரியானார். பிற வர்க்கத்தாரின் மந்திரி சபையில் சோஷலிஸ்டுகள் பங்கு கொள்ளலாகாது என்பது அக்காலத்து ஐரோப்பிய சோஷலிஸ்டுகளிடையே பலமாக இருந்த கொள்கை. ஸ்டௌனிங் அதை மீறினார். அவர் உள்ளே வந்ததற்கு உடனடிக் காரணம் டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் விற்பனை. இரண்டரைக் கோடி டாலருக்கு அத்தீவுகளை அமெரிக்காவுக்கு விற்பதா வேண்டாமா என்ற தகராறில், முக்கியக் கட்சிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் மந்திரி சபையில் சேர்க்கப்பட்டார். டேனிஷ் மக்கள் டிசம்பரில் வாக்களித்து விற்பனைக்குச் சம்மதம் தந்தார்கள். தீவுகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. 1845-ல் நம் தரங்கம்பாடியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றபோதும் அங்கே குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்?

1920-ம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் ஸ்டௌனிங்கின் திறமைக்கு ஒரு சோதனை வந்தது. ஷ்லெஸ்விக் எல்லை விஷயத்தில் அதிருப்தி கொண்ட மன்னர் பத்தாம் கிறிஸ்டியன், மார்ச் 29-ந் தேதி சாலேயின் மந்திரி சபையைத் தாமாகவே நீக்கிவிட்டார். குடியரசுக் கோஷங்கள் எழுந்தன; பொது வேலை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. ஸ்டௌனிங் அரண்மனையில் பேச்சு நடத்தினார். மன்னர் பணிந்தார், தேர்தலுக்கு வழி பிறந்தது, வேலை நிறுத்தம் கைவிடப்பட்டது. முடி தப்பியது, ஆனால் அதன் பிறகு எந்த டேனிஷ் மன்னரும் மந்திரி சபையைத் தம் விருப்பப்படி நீக்கத் துணியவில்லை. நான்கே ஆண்டுகளில், 1924 ஏப்ரலில், அதே மன்னர் இந்தச் சுருட்டுத் தொழிலாளியைப் பிரதம மந்திரியாக நியமித்தார். அந்த மந்திரி சபையில் கல்வி மந்திரியாக இருந்த நீனா பாங், பார்லிமெண்டு முறை ஆட்சி நடைபெறும் நாடுகளில் மந்திரி பதவி ஏற்ற முதல் பெண்மணி. 1926 டிசம்பரில் அந்த ஆட்சி முடிந்தது. 1929-ல் ராடிகல் கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து ஸ்டௌனிங் மீண்டும் வந்தார்; சாகும் வரை பதவியில் இருந்தார்.

இனி சான்ஸலர் தெருவுக்குத் திரும்புவோம். 1932-33 குளிர்காலத்தில், காப்பீட்டு நிதிகளில் சேர்ந்திருந்த டேனிஷ் தொழிலாளர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். விவசாயிகளின் நிலைமையும் மோசம். டென்மார்க்கின் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் பெரும்பாலும் இங்கிலாந்துச் சந்தைக்கே போயின. 1932-ல் ஒட்டாவா மாநாட்டில் பிரிட்டன் தன் சாம்ராஜ்ய நாடுகளுக்குச் சலுகை தர முடிவு செய்யவே, அந்தச் சந்தை குறுகத் தொடங்கியது. பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. இதற்கிடையில் முதலாளிகள் கூலியில் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும், இல்லையேல் பிப்ரவரி 1-ந் தேதி முதல் கதவடைப்பு என்றும் அறிவித்தார்கள்.

விவசாயிகளின் கட்சியான வென்ஸ்ட்ரேவின் தலைவர்களை ஸ்டௌனிங் தம் வீட்டுக்கு அழைத்தார். அவர்களுக்கு வேண்டியது நாணய மதிப்புக் குறைப்பு. குரோனர் மலிந்தால் இங்கிலாந்தில் விற்கும் வெண்ணெய்க்குக் கூடுதல் குரோனர் கிடைக்கும். ஆனால் நகரத் தொழிலாளிக்கு இறக்குமதிப் பொருள்கள் விலை ஏறும். பவுனுக்கு 22.50 குரோனர் என்ற விகிதத்துக்கு ஸ்டௌனிங் இசைந்தார். அதற்கு ஈடாக, இருந்த கூலி ஒப்பந்தங்களைச் சட்டத்தின் மூலம் ஓராண்டு நீட்டித்துக் கதவடைப்பைத் தடுக்கவும், வேலையில்லாதோருக்குப் பணிகள் தொடங்கவும், சமூக மந்திரி ஸ்டைங்கே தயாரித்து வைத்திருந்த சமூகச் சீர்திருத்தத்துக்கு வழி விடவும் வென்ஸ்ட்ரே சம்மதித்தது. கன்சர்வேடிவ் கட்சியார் இதை எதிர்த்தனர். வேலை நிறுத்த உரிமையையும் சேர்த்துப் பறித்துவிட்டார் என்று கம்யூனிஸ்டுகள் தூற்றினர். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கூலி குறையவில்லை என்பதும் உண்மை.

ஸ்டைங்கேயின் சீர்திருத்தம், சிதறிக் கிடந்த பல சட்டங்களை நான்கு சட்டங்களுக்குள் அடக்கியது. அதன் உயிர்நாடி ஒரே ஒரு கருத்துதான்: நோயுற்றவனும் முதியவனும் வேலை இழந்தவனும் பெறுவது பிச்சை அன்று, உரிமை. அதற்கு முன்னெல்லாம் ஏழை நிதியில் கைநீட்டியவன் வாக்குரிமையை இழந்தான். வயிற்றுக்குச் சோறு வாங்கியதற்குத் தண்டனை குடிமகன் என்ற அந்தஸ்து! 1933-ன் சட்டம் பலரிடமிருந்து அந்த இழிவை நீக்கியது. எல்லோரிடமிருந்தும் நீக்கிவிடவில்லை, ‘நாடோடிகள்’, ‘குடிகாரர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

1935 தேர்தலில் அவருடைய கட்சி ‘ஸ்டௌனிங் அல்லது குழப்பம்’ என்ற கோஷத்துடன் இறங்கி, 46 சதவீத வாக்குப் பெற்றது. தனி மனிதரின் பெயரை வைத்து எழுந்த கோஷம்தான். அண்டை நாட்டில் அத்தகைய கோஷம் எங்கே கொண்டு போய் விட்டது என்பதை அறிந்த நமக்கு அது சற்று உறுத்துகிறது. ஆனால் இந்தத் தாடிக்காரத் தலைவர் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அரசியலமைப்பை மாற்றி மேல் சபையை எடுத்துவிட விரும்பியபோது, மொத்த வாக்காளரில் 45 சதவீதம் பேரின் ஆதரவு தேவைப்பட்டது. அரை சதவீதம் போலக் குறைந்தது. தோல்வியை ஏற்றார், கட்சித் தலைமையை ஹான்ஸ் ஹெட்டாஃப்டிடம் ஒப்படைத்தார்.

ராணுவ விஷயத்தில் அவருக்கு மயக்கம் ஏதும் இருக்கவில்லை. இத்தனை சிறிய, மலையற்ற நாடு ஜெர்மனியை எதிர்த்து நிற்க இயலாது என்பது அவர் கணக்கு. 1937-ல் ஸ்வீடனின் லுண்டு நகரில் பேசியபோது, வட நாடுகள் அனைத்துக்கும் டென்மார்க் சங்கிலியில் கட்டிய காவல் நாயாக இருக்க முடியாது என்று கூறிக் கூட்டுப் பாதுகாப்பு யோசனையை ஒதுக்கினார். 1939 மே மாதத்தில் ஹிட்லர் முன்வைத்த ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தத்தை ஸ்வீடனும் நார்வேயும் ஃபின்லாந்தும் மறுத்துவிட்டன. டென்மார்க் கையெழுத்திட்டது.

அந்தக் காகிதத்தின் மதிப்பு 1940 ஏப்ரல் 9-ந் தேதி விடியற்காலையில் தெரிந்தது. ஜெர்மன் படை எல்லையைக் கடந்தது. கோபன்ஹேகன் துறைமுகத்தில் இறங்கியது. நகரத்தின் மேல் விமானங்கள் வட்டமிட்டுத் துண்டுப் பிரசுரங்களைக் கொட்டின. அந்தப் பிரசுரத்தின் மொழி டேனிஷும் நார்வேஜியனும் கலந்த, பிழை மலிந்த ஒரு மொழி. சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்த்துக் காலம் தள்ளும் எனக்கு அதைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஒரு நாட்டின் சுதந்திரத்தைப் பறிப்பவனுக்கு அந்நாட்டின் பாஷையைச் சரியாக எழுதவேண்டும் என்ற அவசியம்கூடத் தோன்றவில்லையே! மன்னரும் ஸ்டௌனிங்கும் சில மணி நேரத்துக்குள் எதிர்ப்பை நிறுத்த முடிவு செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 66.

அதன் பின் வந்த இரண்டு ஆண்டுகளின் கொள்கைக்குத்தான் ‘ஒத்துழைப்புக் கொள்கை’ என்று பெயர். தம் இளமையின் பத்திரிகைப் பெயரே மறுவேடம் பூண்டு வந்தது. எல்லாப் பெரிய கட்சிகளும் சேர்ந்த மந்திரி சபையை ஸ்டௌனிங் அமைத்தார். பார்லிமெண்டும் நீதிமன்றங்களும் போலீசும் டேனிஷ்காரர் கையிலேயே இருந்தன. உள்நாட்டு நாஜிகளுக்கு ஆட்சியில் இடம் கொடுக்கவில்லை. ஆனால் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1941 ஜூனில் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியதும், டேனிஷ் போலீசே கம்யூனிஸ்டுகளைப் பிடித்து அடைத்தது. பிடிபட்டவர்களில் பார்லிமெண்டு உறுப்பினரும் இருந்தனர். ஆகஸ்டில் அதற்கு ஒரு சட்டமும் செய்தார்கள், அரசியலமைப்புக்கு விரோதமாக. நவம்பரில் கம்யூனிஸ எதிர்ப்பு ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்தபோது கோபன்ஹேகனில் மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஸ்டௌனிங் 1942 மே 3-ந் தேதி காலமானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், வேலை நிறுத்தங்களுக்கும் நாச வேலைகளுக்கும் பின், அவர் கட்டிய ஏற்பாடு தகர்ந்தது.

1943 அக்டோபரில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். யூதர்களை ஜெர்மானியர் பிடிக்கப் போகிறார்கள் என்ற இரகசியத்தை டுக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரி ஹெட்டாஃப்டிடம் சொன்னார். ஸ்டௌனிங்கின் வாரிசான அவர் யூதத் தலைவர்களுக்கு எச்சரிக்கை செய்தார். 7,000-க்கும் மேற்பட்டோர் கடல் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பினர். அதுவரை டென்மார்க் யூதர்கள் தொடப்படாமல் இருந்ததற்கு ஒத்துழைப்புக் கொள்கை ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. அதே மாதத் தொடக்கத்தில், ஸ்டௌனிங்கின் ஆட்சியில் திறந்த முகாமில் அடைபட்டுக் கிடந்த கம்யூனிஸ்டுகளில் சுமார் 150 பேரை ஜெர்மானியர் ஸ்டுட்ஹோஃப் சித்திரவதை முகாமுக்குக் கொண்டு போனார்கள். யூதர்களுக்கு எச்சரிக்கை வந்தது. பூட்டிய கதவுக்குள் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை வந்துதான் என்ன பயன்?

1933-ல் கொடுத்தது குரோனரின் மதிப்பை; அது அவர் கொடுக்கக் கூடியது. 1941-ல் கொடுத்தது சக குடிமக்களின் சுதந்திரத்தை. அது அவருடையது அன்று. எதிரே இருந்தவனும் வேறு: வென்ஸ்ட்ரேக்காரர் மறுநாளும் அதே நாட்டில் அவரோடு வாழ வேண்டியவர், ஹிட்லர் அப்படி அல்ல. இது என் அபிப்பிராயம். துப்பாக்கி முனையில் நின்றவருக்கு இத்தனை தெளிவு இருந்திருக்க முடியுமா என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

டென்மார்க்கில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 2003 ஆகஸ்ட் 29-ந் தேதி, ஒத்துழைப்பு முறிந்த அறுபதாம் ஆண்டு நிறைவில், அப்போதைய பிரதம மந்திரி ஆன்டர்ஸ் ஃபோக் ராஸ்முஸன் அந்தக் கொள்கையை ஒழுக்க ரீதியில் பிழை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். சரித்திர ஆசிரியர் பலர் அவரோடு வாதிட்டனர். அவர் வென்ஸ்ட்ரே கட்சியின் தலைவர். சான்ஸலர் தெருவில் விடிய விடிய உட்கார்ந்திருந்த கட்சியும் அதுதான்; 1940-ல் ஸ்டௌனிங்கின் கூட்டு மந்திரி சபையில் அமர்ந்திருந்த கட்சியும் அதுதான்.