யாளிக்குக் கண் திறத்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

மழை பொய்த்த ஆண்டுகளிலும் கூட்டம் பொய்க்காத வட்டம் இது. பத்தாண்டுகள் ஒரு சிற்றூரில் கவிதைக்கென ஒரு விளக்கை அணையாமல் காத்து வந்திருக்கிறீர்கள். அதற்கு முதற்கண் என் வாழ்த்து.

‘கற்பனையும் உருவமும்’ என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். கவிதையின் கற்பனை பற்றிப் பேச இந்த அவையிலேயே வல்லார் பலர் உளர். ஆதலின் நான் கையால் செய்யப்படும் கற்பனையைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். இதோ, மேசைமேல் இருக்கிறதே, இந்தச் சிறு யாளி, இதுவே இன்று என் பேசுபொருள். ஒரு சாண் உயரம். என் பழைய மாணவர் ஒருவர் தம் கையால் செய்து அனுப்பியது. இதை எடுத்து வந்ததற்குக் காரணம் பெருமை அன்று, ஒரு கடன். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

காணாத விலங்கு

யாளியை யாரும் கண்டதில்லை. சிங்கத்தின் உடல், யானையின் தந்தமும் துதிக்கையும், பிதுங்கி நிற்கும் விழி எனப் பல உயிர்களின் உறுப்புகளால் ஆனது அது. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் பாய்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நம் மாவட்டத்து உத்தரகோசமங்கையில் யாளியின் வாய்க்குள் கல்பந்து ஒன்று உண்டு. விரலை விட்டு உருட்டலாம். வெளியே எடுக்க இயலாது. குழந்தைப் பருவத்தில் அதனை உருட்டிப் பார்க்காதவர் நம்மில் சிலரே.

இல்லாத விலங்கை நாம் எப்படி நம்புகிறோம்? அதன் ஒவ்வோர் உறுப்பும் கண்டறிந்த உறுப்பாக இருப்பதால் நம்புகிறோம். முழுமைதான் கற்பனை, பகுதிகள் அனைத்தும் உண்மை. தோளில் எலும்பு எங்கே மேடிடும், தாடையில் தசை எங்கே இறுகும் என்பதறியாதவன் செய்யும் யாளி வெறும் பொம்மையாகவே நின்றுவிடும். கவிஞர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மண் அல்லாத மண்

இந்த யாளி கல்லாலும் ஆனதன்று. நம் கண்மாய் மண்ணாலும் ஆனதன்று. இதனைப் ‘பாலிமர் களிமண்’ என்கின்றனர். பெயரில்தான் மண் இருக்கிறது. உண்மையில் இது பி.வி.சி. எனப்படும் நெகிழிப் பொடியோடு அதனை இளக வைக்கும் எண்ணெய்ப்பசையும் நிறமும் கலந்த மாவு. ஜெர்மனியில் பொம்மைக் கலையில் பெயர்பெற்ற கேதே குரூசே அம்மையாரின் மகள் ஃபிஃபி இத்தகைய பொருளைக் கையாண்டு வந்தார். 1964-இல் ஒரு நிறுவனம் அதனை வாங்கி ‘ஃபிமோ’ என்ற பெயரில் பரப்பிற்று. பொம்மை செய்வோர், திரைப்படத்திற்கு மாதிரியுரு செய்வோர், கதைகளில் வரும் அரக்கரையும் தேவதைகளையும் பறவைநாகங்களையும் வடிப்போர் என இன்று உலகெங்கும் இதற்குக் கைகள் உண்டு.

செய்முறை நம் சிந்தனைக்குரியது. முதலில் கம்பியை வளைத்து எலும்புக்கூடு அமைக்கின்றனர். அதன்மேல் அலுமினியத் தாளைக் கசக்கிப் பொதிந்து உடலின் பருமனை உண்டாக்குகின்றனர். அதற்கும் மேலே, உள்ளங்கையில் நெடுநேரம் பிசைந்து இளக்கிய மாவை மெல்லிய தோலாகப் போர்த்துகின்றனர். எங்கும் ஒரே தடிப்பு இருந்தால்தான் வெப்பம் ஒரே சீராக ஏறும். பின்னர்ச் சிறு மின்னடுப்பில் ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் வேகவைத்தால் இறுகிவிடும். சூடு மிகுந்தாலோ கருகி நச்சுப்புகை கக்கும். வெந்த உருவின்மேல் மீண்டும் மாவு சேர்த்து மறுமுறையும் வேகவைக்கலாம். இந்த யாளியின் வாயிலும் ஒரு பந்து உருள்கிறது. பந்தை முன்னர்த் தனியே வேகவைத்து நாவின்மேல் இட்டு, அதன்பிறகே பற்களை வைத்து மூடியிருக்கிறார் மாணவர்.

இப்பொருளில் நீர் இல்லை, ஆகவே காய்வதில்லை. இன்று செய்த மூக்கை அடுத்த வாரம் மாற்றலாம். அடுத்த மாதமும் மாற்றலாம். அடுப்பில் வைக்கும்வரை அது காத்திருக்கும். இது பெரிய வசதி. பெரிய சோதனையும் ஆகும். திருத்திக்கொண்டே இருப்பவன் எந்நாளும் முடிப்பதில்லை. நம் கவிஞர் சிலரின் கைப்பிரதிகளை நான் அறிவேன், பெயர் சொல்லமாட்டேன்!

கண்மாய் மண்

இனி நம் மண்ணுக்கு வருவோம். முகவை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் அய்யனார்க்குப் புரவியெடுப்பு நடப்பதை அறிவீர்கள். ஊரார் பிடிமண் கொடுத்த பின்னரே வேளார் தொழில் தொடங்குவார். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவார். குதிரையின் கால்கள் உள்ளீடற்ற குழல்களாக முதலில் எழும். அவை சற்று இறுகிய பின்னரே வயிறு ஏறும். அது இறுகிய பின்னரே கழுத்து. ஈரத்தில் அவசரப்பட்டால் மேற்பாரம் தாங்காது கால் சரியும். காய்ந்தபின் தாமதித்தால் ஒட்டு விட்டுவிடும். கம்பியும் இல்லை, எலும்பும் இல்லை, சுவரே எலும்பு. வேளார்க்கு மண் காத்திருப்பதில்லை. மண்ணின் பொழுதறிந்து வேளார்தான் காத்திருக்கிறார்.

மற்றொரு வேறுபாடு என்னை வியக்கவைத்தது. பாலிமர் மண்ணில் உருவம் செய்வோர் பலர் கண்ணை முதலில் வைக்கின்றனர். கண்ணாடி மணியைக் குழியில் பதித்து, அதைச் சுற்றி இமையை வளர்க்கின்றனர். முகம் முழுதும் அந்தக் கண்ணைச் சார்ந்தே உருவாகிறது. வேளாரோ கண்ணை இறுதியில் திறக்கிறார். மண் வெந்து, வண்ணம் ஏறி, எல்லாம் முடிந்தபின் ஊரறியக் கண் திறக்கப்படும். அதுவரை அது வெறும் மண்; அதன்பின் தெய்வத்தின் வாகனம். பின்னர் வெயிலிலும் மழையிலும் பொட்டலில் நின்று, மெல்ல உடைந்து, மீண்டும் மண்ணாகும். அதனை யாரும் குறையாகக் கருதுவதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும்.

என் கடன்

அவையோரே, இப்போது அந்தக் கடனைச் சொல்கிறேன்.

2014-இல் வேளார் குடும்பத்து மாணவர் ஒருவர் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு என்னிடம் வந்தார். சங்கப் பாடல்களில் வரும் குயவரையும் தம் தந்தையாரின் தொழிலையும் இணைத்து ஆராய விரும்பினார். நான் மறுத்தேன். தொழில் செய்தி இலக்கியம் ஆகாது, பாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் மறுபேச்சின்றிக் கலம், தாழி, திகிரி ஆகிய சொற்கள் பயிலும் இடங்களைத் தொகுத்து ஓர் ஆய்வேடு எழுதினார். அது செம்மையாகத் தைக்கப்பட்டு அடுக்கில் உறங்குகிறது.

அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். புறநானூற்றின் 256-ஆம் பாடலை நீங்கள் அறிவீர்கள். கணவனை இழந்த பெண்ணொருத்தி கலம் செய்யும் கோவை அழைத்து, தனக்கும் சேர்த்து இடமுண்டாகும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அந்தத் தாழி செய்ய எத்தனை நாளாகும், அம்மா? என்பதே மாணவரின் கேள்வி. பாடலுக்குப் புறம்பான கேள்வி என்று நான் ஒதுக்கினேன்.

பல ஆண்டுகள் கழித்துப் புரவி எழுவதை நேரில் நின்று பார்த்தபோதுதான் அக்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. இருவரை ஏற்கும் பெருந்தாழி ஒரு சுழற்சியில் எழாது. ஒரு சுற்று வைத்து, அது இறுகக் காத்து, மறு சுற்று வைக்க வேண்டும். பின் நிழலில் பல நாள் உலர்த்த வேண்டும்; பின் சூளை. அவள் கணவனோ இறந்து கிடக்கிறான். அவள் கேட்கும் தாழி அன்றைக்குள் முடியாது. அதனை அவள் அறியாமலிருக்கலாம், கேட்கப்பட்டவன் அறிவான். பாடல் முழுதும் அவன் வாய் திறப்பதில்லை. அவன் மௌனத்தின் பொருளை உரையாசிரியர் எவரிடமும் நான் கற்கவில்லை. கற்பிக்க வந்தவரை மறுத்துவிட்டேன்.

228-ஆம் பாடலில் ஐயூர் முடவனாரும் அவ்வாறே கலம் செய்யும் கோவை விளிக்கிறார். மறைந்த கிள்ளிவளவனின் பெருமைக்கு ஏற்ற தாழி வேண்டுமாயின் நிலவுலகே சக்கரமாகவும் மாமேருவே மண்ணாகவும் வேண்டும். உன்னால் இயலுமா என இரங்குகிறார். அங்கும் மறுமொழி இல்லை. ஈராயிரம் ஆண்டுகளாக நாம் அவனை விளித்துக்கொண்டே இருக்கிறோம். அவன் பேச இடம் தந்ததில்லை. அந்தக் குற்றத்தில் ஒரு பங்கு எனது.

அந்த மாணவர் இன்று சென்னையில் இத்தகைய உருவங்கள் செய்து வாழ்கிறார். தந்தையார் மறைந்தபின், கடந்த ஆண்டு, இந்த யாளியை அனுப்பினார். உடன் வந்த கடிதத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் எழுதியிருந்தார். பிறருக்குச் செய்யும் உருவங்களில் கண்ணைத்தான் முதலில் வைக்கிறார். இதில் மட்டும் தந்தையாரின் முறைப்படி கண்ணை இறுதிக்கு விட்டிருக்கிறார். கருவிழிப் புள்ளியை நான் இட வேண்டுமாம். அருகில் வந்து பாருங்கள்: இமை உண்டு, விழி உண்டு, பார்வை இல்லை.

நான் இன்னும் இடவில்லை. நெகிழியா, மண்ணா, எது உயர்ந்தது என்று என்னைக் கேளாதீர்கள். கண்மாய் மண்ணில் கற்ற பொறுமை அவர் விரலில் இருந்தது. அது பொருள் மாறியும் மாறவில்லை. இழந்தது வேறு. தந்தையார் அறிந்த சொற்களும் கணக்குகளும் ஏட்டில் ஏறாமல் அவரோடு போயின. அவற்றைக் கேட்டு எழுதும் வாய்ப்பு என் மேசைக்கு வந்து திரும்பிச் சென்றது.

ஆகவே வட்டத்தாரிடம் ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திற்குப் பேராசிரியர்களை அழைக்க வேண்டாம். நம் சுற்றுவட்டாரத்து வேளார் பெரியவர் ஒருவரை இம்மேடையில் அமர்த்துங்கள். அவர் பேசட்டும், கவிஞர்கள் குறிப்பெடுக்கட்டும். மண் பதத்திற்கு அவரிடம் எத்தனை சொற்கள், விரிசலுக்கு எத்தனை பெயர்கள், எந்தத் திங்களின் வெயில் எந்தச் சுவருக்கு ஆகும் என எல்லாம் அடுத்த மலரில் அச்சேறட்டும். 256-ஆம் பாடலை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் மறுமொழியையும் கேட்போம்.

அந்நாளில் இந்த யாளியை மீண்டும் கொண்டு வருகிறேன். என் மாணவரையும் அழைத்து வருகிறேன். அவர் முன்னிலையில், அப்பெரியவர் கையால், இதற்குக் கண் திறக்கட்டும். அந்த உரிமை எனக்கில்லை.